அவள் பக்கத்துக்கும் ஒரு ஏர்பேக்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் என் வீட்டுக்காரியின் நெற்றி காரின் டாஷ்போர்டில் இடித்ததோடு நிறுத்தியிருந்தேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை. கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம். மூன்று நாளில் வற்றிவிட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டு போன சின்னவளுக்குத்தான் மனசு ஆறவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்தெட்டு வருஷம் பஸ்ஸுக்கு சீட் தைத்தவன். வீட்டுக்காரிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஒன்பது வாரம். வாரத்துக்கு மூன்று நாள் காலை மடக்கி நீட்டும் பயிற்சிக்குக் கூட்டிப் போகவேண்டும். விட்டால் மூட்டு இறுகிப்போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். பின் சீட்டில் காலை நீட்ட இடம் இல்லாததால் அவளுக்கு முன் சீட்டு. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் எங்கள் சின்னவள்தான் ஓட்டுவாள்.

கார், வேறு ஊரில் இருக்கும் எங்கள் பெரியவன் புது வண்டி வாங்கியபோது தங்கைக்குக் கொடுத்தது. நாலு வருஷம் ஆகிறது. பழைய வண்டி. ஓட்டுகிறவர் பக்கம் மட்டும் ஏர்பேக் உண்டு. பக்கத்து சீட்டுக்கு எதிரே வெறும் பிளாஸ்டிக்.

அன்றைக்கு வீட்டுக்காரி குனிந்து டாஷ்போர்டு பெட்டிக்குள் மருந்துச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். சிக்னலில் சின்னவள் பிரேக் போட்டாள். பெல்ட் போட்டிருந்தும் இவள் போய் இடித்துக்கொண்டாள். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதிலிருந்து சின்னவளுக்கு ஒரே பேச்சு. அம்மா பக்கத்துக்கும் ஒரு ஏர்பேக் வைக்கவேண்டும்.

வியாழக்கிழமை ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. இதே கார், இதைவிட ஒரு படி உயர்ந்த வகை, எங்கேயோ பின்பக்கம் அடிபட்டு உடைப்பதற்குப் போனதாம். அதிலிருந்து கழற்றிய ஏர்பேக். ஃபோனில் தேடிப் பிடித்து வரவழைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பிரித்தோம்.

"இதுவா?" என்றாள் வீட்டுக்காரி. "தலையணை மாதிரி இருக்கும்னு நினைச்சேன். ரொட்டி டப்பா மாதிரி இருக்கு."

"உள்ள மடிச்சு வச்சிருக்கும்மா. அடிபட்டா விரியும்."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவைச் சுற்றிப் பார்த்தேன். ஓரத்தில் மடிப்புத் துணி கொஞ்சம் தெரிந்தது. தையலை நகத்தால் நெருடினேன்.

"என்னப்பா பாக்கறீங்க?"

"தையல் நல்லாத்தான் இருக்கு. வித்தவனைத்தான் தெரியல."

"உங்களுக்கு யாரைத்தான் தெரியும்? ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டயே எத்தனை கால் பண்ணிருக்கீங்கன்னு கேட்டவர் நீங்க."

"அதுக்கு அவர் பதில் சொன்னாரா இல்லையா?"

"சொன்னார். உங்க காலை எப்ப பண்ணலாம்னும் கேட்டார்."

வீட்டுக்காரி சிரித்தாள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. சத்தம் போட்டு விற்கிறவனையும் நம்பமாட்டேன், சத்தமே இல்லாமல் விற்கிறவனையும் நம்பமாட்டேன். இதுவரைக்கும் அதனால் எனக்கு நஷ்டம் வந்ததில்லை. அன்றைக்குக் காலைவரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பயிற்சி முடிந்து பத்தரை மணிக்கு, வண்டிப் பட்டறைகள் இருக்கும் தெருவுக்குப் போனோம். டயர் கடைக்கும் கண்ணாடி மாற்றும் கடைக்கும் நடுவில் ஒரு குறுகலான ஷெட். சுவர் முழுக்க வயர் சுருள்கள், நிறம் நிறமாக, சைஸ் வாரியாக ஆணியில் தொங்கின. வாசலில் நின்ற வண்டியின் வயிற்றுக்குள் தலையைவிட்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள். ஐம்பது வயசு இருக்கும். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. தெருவில் எல்லோரும் அவளை வயரம்மா என்கிறார்கள். கார் எலக்ட்ரிக் வேலையில் அவளை விட்டால் ஆள் இல்லையாம். சின்னவளின் கடை முதலாளி சொன்னது. அந்த முதலாளியையும் எனக்குத் தெரியாது.

வயரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முன் சீட்டில் இருந்த என் வீட்டுக்காரியைப் பார்த்தாள். அவள் மடியில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, அதை மடியில வச்சுக்கிட்டா வந்தீங்க?"

"ஆமாம்மா. பின்னாடி வச்சா உருளும்னு இவர்தான் குடுத்தார்."

"அசையாதீங்க. நான் எடுத்துக்கறேன்."

இரண்டு கையாலும் பூப்போல எடுத்து, முகம் மேலே பார்க்கும்படி காலிச் சுவர் ஓரமாகத் தரையில் வைத்தாள். பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள்.

"உள்ள இருக்கறது மருந்துங்க. வேட்டு மாதிரி. அது வெடிச்சுத்தான் பை விரியும். இதை யாராவது மடியில வச்சுக்குவாங்களா?"

வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாப்பத்தி மூணு வருஷம் ஆச்சு. இப்பத்தான் வெடி வைக்கத் தோணுச்சா உங்களுக்கு?"

நான் அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, ஷெட்டுக்குள் இருந்த உயரமான நாற்காலியில் உட்காரவைத்தேன்.

வயரம்மா டாஷ்போர்டைத் தட்டினாள். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். ஐந்து நிமிஷம். எழுந்து வந்து சொன்னாள்:

"வைக்க முடியாது."

"ஏன்க்கா? இதே மாடல்தான். நான் நம்பரெல்லாம் பாத்துத்தான் வாங்கினேன்" என்றாள் சின்னவள்.

"பை இதே மாடல்தான். வண்டி இல்ல. அந்த வகையில டாஷ்போர்டுக்குப் பின்னாடி இரும்புச் சட்டம் குறுக்க ஓடும். பை அதுலதான் முதுகைக் குடுத்து விரியும். இதுல அந்த இடத்துல ஒண்ணும் இல்ல. கம்ப்யூட்டர் பெட்டியும் ஒரு பைக்குத்தான் செஞ்சது. எப்ப வெடிக்கணும், எப்ப கூடாதுன்னு அதுக்குத் தெரியாது. நான் ஏதாச்சும் வயரை இழுத்துக் கட்டிவிட்டா, குழியில இறங்கறப்ப வெடிச்சாலும் வெடிக்கும். அக்கா குள்ளம் வேற. முகத்துல அறையும்."

"டாஷ்போர்டையே மாத்திட்டா?"

"டாஷ்போர்டு, சட்டம், பெட்டி, வயர் மொத்தமும், பெல்ட்டு. எல்லாம் மாத்தினாலும் கம்பெனி செஞ்ச மாதிரி வேலை செய்யும்னு நான் எழுதிக் குடுக்கமாட்டேன். வேற யாராச்சும் குடுத்தா அவங்களை நம்பாதீங்க."

எனக்கு இது புதுசு. பட்டறையில் முடியாது என்று சொல்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. முடியும் என்று வாங்கிப் போட்டுவிட்டு மாசக்கணக்கில் இழுக்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இதில் என்ன சூது என்று யோசித்தேன்.

"அப்ப அந்தப் பையை என்ன செய்யறது?" என்று கேட்டேன். "நீயே எடுத்துக்கறியா?"

அவள் புரிந்துகொண்டாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றி என்னைப் பார்த்தாள்.

"ஐயா, நான் சும்மா வாங்கிக்கப் பாக்கறேன்னு நினைக்கறீங்க. எனக்கு வேண்டாம். கம்பெனி சர்வீஸ்ல குடுத்து அழிக்கச் சொல்லுங்க. வழியில மட்டும் யார் மடியிலயும் வைக்காதீங்க."

வீட்டுக்காரி நாற்காலியிலிருந்து, "நல்லா கேளும்மா" என்றாள்.

சின்னவள் முகம் விழுந்துவிட்டது. ஒரு வாரமாக அவள் இதே நினைப்பாகச் சுற்றியவள். வயரம்மாவுக்கும் அது தெரிந்திருக்கவேண்டும்.

"இரு தங்கச்சி. இல்லாததை விடு. இருக்கற பை சரியா இருக்கான்னு பாத்துக் குடுக்கறேன். அதைத்தான் முதல்ல பாக்கணும். சாவியைப் போடு. ஸ்டார்ட் பண்ணாத."

சின்னவள் சாவியைத் திருப்பினாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் விளக்குகள் எரிந்தன. வயரம்மா ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தாள். எண்ணினாள். உதடு அசைந்தது.

"ஏர்பேக் விளக்கு அஞ்சு ஆறு செகண்டுல தானா அணையணும்."

அணையவில்லை.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு."

இஞ்சின் உறுமியது. ஏர்பேக் விளக்கும் பக்கத்தில் இருந்த பேட்டரி விளக்கும் ஒரே நொடியில் அணைந்தன.

"மறுபடி."

மறுபடியும் அப்படியே. இரண்டும் ஒன்றாக எரிந்து, ஒன்றாக அணைந்தன.

"நீ சாவி போட்டதும் ஸ்டார்ட் பண்ணிடுவியா?"

"ஆமாக்கா. எல்லாரும் அப்படித்தானே?"

"அதான் தெரியல. இந்த விளக்கு சொந்தமா எரியல. பேட்டரி விளக்கோட கையைப் பிடிச்சுக்கிட்டு எரியுது. யாரோ வயரை மாத்திக் கோத்திருக்காங்க."

பேட்டரி வயரைக் கழற்றினாள். பத்து நிமிஷம் தொடக்கூடாது என்றாள். மிச்சம் மீதி கரண்ட் இருந்தால் வடியட்டுமாம். அந்தப் பத்து நிமிஷமும் நாலு பேரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். டயர் கடையில் காற்று நிரப்பும் மெஷின் நின்று நின்று ஓடியது. வீட்டுக்காரி காலை நீட்டி மடக்கிப் பயிற்சியை எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு, ஒன்பது, பத்து.

அப்புறம் வயரம்மா ஸ்டியரிங்குக்குப் பின்னால் கையைவிட்டு இரண்டு போல்ட்டைக் கழற்றினாள். நடுவில் இருக்கும் ஹாரன் மூடியைத் தன் பக்கம் இழுத்தாள். கனமாக வரவேண்டியது லேசாக வந்துவிட்டது. அவள் கை பின்னால் போன வேகத்திலேயே தெரிந்தது.

மூடிக்குப் பின்னால் ஏர்பேக் இல்லை.

அந்தக் குழிக்குள், கச்சிதமாக, வட்டமாக ஒரு குட்டி மெத்தை இருந்தது. ஃபோம் வைத்து, கரும்பச்சை ரெக்சினில் ஓரம் மடித்துத் தைத்தது.

"அடப்பாவி" என்றாள் வயரம்மா. கோபமாகக்கூட இல்லை. "முன்னாடி எங்கயோ இடிச்சு, பை வெடிச்சிருக்கு. புதுசு வைக்கல. வெறும் மூடியை மாட்டி, உள்ள டொங்கு டொங்குன்னு காலியாத் தெரியக்கூடாதுன்னு இதை வச்சிருக்கான்."

மெத்தையை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள்.

"நீங்க சீட்டு தைச்சவர்னு அக்கா சொன்னாங்க. பாருங்க. தைச்ச பாவி நல்ல வேலைக்காரன்தான்."

வாங்கினேன். பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது.

கடைசித் தையலை மூன்று தரம் முன்னும் பின்னும் ஓட்டி, நூலைச் சரிவாக வெட்டுவது ஒரு ஆளுடைய பழக்கம். நான் வேலை பார்த்த பட்டறையில் மற்றவர்கள் இரண்டு தரம்தான் ஓட்டுவார்கள். ரெக்சினின் உள்பக்கம் வெள்ளைப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. துணி நழுவாமல் இருக்க நடுவைக் குறித்துக்கொள்வது. அதுவும் அதே ஆள்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், தங்கைக்கு வண்டியை விடுவதற்கு முந்தின வாரம், பெரியவன் ஓர் அட்டையை வட்டமாக வெட்டி எடுத்துக்கொண்டு வந்தான். அப்பா, டாஷ்போர்டுக்குள் கடகட என்று ஒரு சத்தம், இந்த அளவுக்கு ஒன்று தைத்துக் கொடுங்கள், வைத்து அடைத்துவிடுகிறேன் என்றான். பஸ் சீட்டில் மிஞ்சிய ரெக்சின் வீட்டில் கிடந்தது. வெறும் ஃபோம் வைத்தால் தூள் கொட்டும் என்று நானாகத்தான் உறையும் தைத்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு நூல் பிசகாமல்.

அவன் முகத்தை அன்றைக்கு ஏறிட்டுப் பார்த்தேனா என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை. தையலைத்தான் பார்த்தேன்.

சின்னவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம். யாரோ ஒரு மெக்கானிக் செய்த வேலை என்று போய்விடும். பெரியவனையும் ஏமாற்றிவிட்டான், பாவம் என்று அவளே சொல்லிக்கொள்வாள். வீட்டில் எல்லோரும் எப்போதும் போல இருக்கலாம்.

ஆனால் திங்கட்கிழமை மறுபடியும் வீட்டுக்காரியை முன் சீட்டில் உட்காரவைக்க வேண்டும்.

"பாவி நான்தான்" என்றேன்.

"என்ன?"

"இது நான் தைச்சது."

டயர் கடை மெஷின் அப்போது பார்த்து நின்றுவிட்டது. சின்னவள் மெத்தையை என் கையிலிருந்து வாங்கினாள். பெருக்கல் குறியைத் தடவினாள். அவள் பள்ளிக்கூடப் பைக்குள்ளும் அதே குறி இருந்தது, அவளுக்குத் தெரியும்.

"யார் கேட்டா?"

"உங்கண்ணன்."

"எதுக்குன்னு கேக்கலையா?"

"சத்தம் வருதுன்னான்."

"சரி. என்ன சத்தம், எங்க வருதுன்னு?"

"கேக்கல."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பால்காரர் முன்னாடி பாத்திரத்தைக் கவுத்துப் பாப்பீங்க. என்னைப் பொண்ணு கேட்டு வந்தவங்க வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து பாத்தீங்க. அந்த வெட்கத்துல அவங்க திரும்பி வரவே இல்ல. அண்ணன்கிட்ட மட்டும் ஒரு கேள்வி கேக்கத் தோணலையாப்பா?"

"அவன் நம்ம பையன்."

"நான்?"

நான் அவள் கையில் இருந்த தையலைப் பார்த்தேன்.

"நாலு வருஷமா நெஞ்சுக்கு நேரா இந்தப் பஞ்சை வச்சுக்கிட்டு ஓட்டியிருக்கேன்" என்றாள். "அதுவும் நீங்க தைச்ச பஞ்சு. நல்லா தைச்சிருக்கீங்க."

வயரம்மா வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு வயரைச் சுருட்டினாள். அப்புறம் பேச்சை மாற்றுகிற மாதிரி, மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணனுக்கு அடி ஏதும் பட்டுச்சா அப்ப? பை வெடிச்சா முன்கையில சூடு இழுக்கும். தோல் உரிஞ்சு போகும்."

நாற்காலியில் இருந்து வீட்டுக்காரி சொன்னாள்:

"அந்த மாசம் வெயில் கொளுத்துச்சு. அவன் முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தான். மடிச்சுவிடுடான்னேன். வெந்நீர் கொட்டிருச்சும்மா, மருந்து போட்டிருக்குன்னான்."

"நீ அதை என்கிட்ட சொல்லவே இல்லையே."

"வெந்நீர் கொட்டினதையெல்லாம் உங்ககிட்ட சொன்னா, அடுப்பைப் பிரிச்சுப் பாப்பீங்க."

அப்போதுதான் எனக்கு சிக்னல் ஞாபகம் வந்தது. பெல்ட் போட்டிருந்தும் இடித்தது.

வண்டியின் அந்தப் பக்கம் போய், முன் சீட்டு பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தேன். கடைசி வரைக்கும். கம்ப்யூட்டர் பெட்டி எனக்குத் தெரியாது, வயர் தெரியாது. நாடா தெரியும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருவிக்கொண்டே வந்தேன். தோளில் படுகிற இடத்தில் ஓரம் நேராக இல்லை. அலை அலையாக இருந்தது. கொக்கி வழியாக ஓடும் இடத்தில் நூல் உருகிப் பளபளவென்று ஒரு பட்டை. வயரம்மாவும் வந்து டார்ச் அடித்தாள். தொட்டுப் பார்த்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது சும்மா தேய்ஞ்சது இல்லம்மா" என்றேன். "பாரம் தாங்கி இழுத்த நாடா."

"ஆமாங்கய்யா. ஒரு ஆளைப் பிடிச்ச பெல்ட்டு இது. ஒரு தடவை அப்படிப் பிடிச்சா அப்புறம் மாத்திடணும். பெல்ட்டைச் சுருட்டிப் பிடிக்கற டப்பாவும் போயிருக்கும். அதான் அக்காவைப் பிடிக்கல."

சின்னவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்படின்னா?"

வயரம்மா சொல்லத் தயங்கினாள். நான் சொன்னேன்.

"அன்னைக்கு அவன் தனியாப் போகல."

வண்டியை அங்கேயே விட்டோம். ஓட்டுகிறவருக்குப் புது ஏர்பேக், பெட்டி, இரண்டு பக்கமும் புது பெல்ட். கம்பெனியிலிருந்து வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றாள் வயரம்மா. அதுவரை இந்த வண்டியில் யாரும் ஏறவேண்டாம் என்றாள். பக்கத்து சீட்டுக்குப் பை கிடையாது; நல்ல பெல்ட், சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளுவது, குனிந்து எதையும் தேடாமல் இருப்பது, அவ்வளவுதான் என்று வீட்டுக்காரியிடம் விரலை நீட்டிச் சொன்னாள். அவளும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள். எந்த வேலை எத்தனை நாள் என்று நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. வயரம்மாவே ஆச்சரியப்பட்டிருப்பாள்.

வாடகைக் கார் வந்தது. சின்னவள் அம்மாவை முன் சீட்டில் ஏற்றினாள். நான் வெளியே நின்றபடியே பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன். பிடித்தது. இன்னொரு தரம். பிடித்தது.

டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கண்டுக்காதீங்க தம்பி" என்றாள் வீட்டுக்காரி. "இவருக்கு இன்னைக்குத்தான் புத்தி வந்திருக்கு. புதுசுங்கறதால கொஞ்சம் சத்தம் வரும்."

வழி நெடுக சின்னவள் பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மெத்தை அவள் மடியில் இருந்தது. கேட்டால் கொடுத்திருப்பாள். நான் கேட்கவில்லை.

பெரியவன் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவுக்கு ஃபோன் செய்வான். ஒரு நாளும் தவறமாட்டான். கால் எப்படி இருக்கிறது, எத்தனை தரம் மடக்கினாய், சாப்பிட்டாயா. அன்றைக்கும் மணி அடித்தது. எப்போதும் பாய்ந்து எடுக்கிறவள், மேஜை மேல் ஃபோனை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க பேசுங்க. தைச்சது நீங்கதானே."

சின்னவள் ஒரு விரலால் எதையோ அழுத்தினாள். அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அம்மா?"

"நான்தான்."

"அப்பாவா? அம்மா எங்க? கால் எப்படி இருக்கு?"

"கால் நல்லா இருக்கு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நாலு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கணும்."

"சொல்லுங்கப்பா."

"வட்டமா ஒண்ணு தைச்சுக் குடுத்தேனே. சத்தம் நின்னுச்சா?"

என்ன வட்டம் என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"யார் பிரிச்சாங்க?" என்றான் கடைசியில்.

"அம்மா பக்கத்துக்கு ஒரு ஏர்பேக் வைக்கலாம்னு உன் தங்கச்சி கொண்டுபோனா. பிரிச்சாங்க."

"அப்பா, நான் அப்பவே மாத்திடலாம்னுதான்... ஒரு மாசத்துல மாத்திடலாம்னு... அப்புறம் எப்படி வாயைத் திறக்கறதுன்னு தெரியல. அவ வண்டி எடுக்கற ஒவ்வொரு நாளும் எனக்கு..."

"அதுக்குத்தான் தினமும் ஆறு மணிக்கு ஃபோனா?" என்றாள் சின்னவள்.

வீட்டுக்காரி தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அது இருக்கட்டும்" என்றேன். "பக்கத்து சீட்டு பெல்ட்டு அலை அலையா இருக்கு. அன்னைக்கு அதுல யார் இருந்தா? உன் பொண்டாட்டியா?"

"இல்லப்பா. அவ இல்ல. அவளுக்கு இது எதுவும் தெரியாது."

"அப்ப யாரு?"

"ஃபோன்ல வேண்டாம்ப்பா. நேர்ல வந்து சொல்றேன்."

அப்போது வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"டேய். அது இப்ப நான் உக்கார்ற சீட்டு. எனக்கு முன்னாடி அங்க யார் உக்காந்திருந்தான்னு எனக்குத் தெரியணும்."

"அம்மா..." என்றான். அப்புறம், "நாளைக்குக் காலையில வரேம்மா. தனியா வரல" என்றான். ஃபோன் நின்றுவிட்டது.

சின்னவள் வட்டத்தை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அவன் எப்பவும் வர்ற பின் வாசல்ல படி இருக்கு. முன் வாசல் வழியாவே வரச் சொல்லியிருக்கலாம்" என்றாள் வீட்டுக்காரி.

"ஏன்?"

"கூட வர்றவங்களுக்குக் கால் நல்லா இருக்கான்னு கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை.